இறங்கியவையும் மோதியவையும்

பஞ்சலிங்கம் மாமாவின் அந்தியேட்டிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. காலையில் செல்வநாயகி மாமி வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார். போனேன். விறாந்தை மேசையில் மாமாவின் குறிப்புக் கொப்பி இருந்தது. அதன்மேல் மாமி கையை வைத்திருந்தார்.

"பிள்ளை, கல்வெட்டிலை இதையும் போடப் போறம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்று வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, சில தேவாரங்கள், கடைசியில் நன்றி நவிலல். அதைக் கல்வெட்டு என்பார்கள். ஒருமுறை அடித்த கல்வெட்டை யாரும் திருத்தி அடிப்பதில்லை. சாமியறையில் தேவாரப் புத்தகங்களோடு கிடக்கும்.

மாமா நில அளவையாளர். ஊரில் அவரை ஆங்கிலத்தில் சேவையர் என்றே சொல்வார்கள். 1966ஆம் ஆண்டு ஆனி மாதம் வன்னிக் காட்டில் கூடாரம் போட்டு அளந்துகொண்டிருந்தபோது வானொலியில் ஒரு செய்தி வந்ததாம். அமெரிக்காக்காரன் அனுப்பிய ஒரு கலம் சந்திரனில் மெதுவாக இறங்கிவிட்டது. அந்தக் கலத்தின் பெயர் சேவையர். "எங்கடை ஆள் ஒருத்தன் போய்ச் சேர்ந்திட்டான்" என்று சொல்லி, அளவுச் சங்கிலி பிடிக்கும் தொழிலாளர்கள் எல்லோருக்கும் தன் சீனியில் தேத்தண்ணீர் கொடுத்தாராம். அன்று தொடங்கிய கொப்பி அது. வேறு உலகத்தைப் போய்த் தொட்ட ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு வரி. திகதி, நாடு, தொட்ட இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு. கடைசி நிரலில் ஒரே ஒரு சொல்: இறங்கியது, அல்லது மோதியது. சிலவற்றுக்கு மட்டும் பக்கத்தில் சின்னக் குறிப்பு இருக்கும். மார்ஸ் 3, செவ்வாய், இறங்கியது, இருபது விநாடி பேசியது. வெனேரா 13, வெள்ளி, இறங்கியது, 127 நிமிடம் இருந்தது.

"மொத்தம் ஏழு சேவையரை அனுப்பினவங்கள் பிள்ளை," என்று மாமா சொல்வார். "அதிலை ஐஞ்சு பேர் ஒழுங்கா வேலை செய்தவங்கள். எங்கடை கந்தோரிலை அவ்வளவு இல்லை."

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரிகள் பிழை. அவற்றை மாமாவுக்குச் சொன்னது நான்.

"நீ பி.எஸ்சி. படிச்சனி," என்றார் மாமி. "வடிவான கையெழுத்து. இதைப் பார்த்து வெள்ளைத் தாளிலை எழுதித் தா. மானிப்பாயிலை லியோன்ரை அச்சுக்கூடத்திலை குடுக்கவேணும். ஆறு நாளுக்குள்ளை எழுத்துக் கோர்த்து முடிக்கவேணுமாம்."

நான் தலையை ஆட்டினேன்.

உள்ளே இருந்து மாமாவின் தம்பி முத்துக்குமாரு வந்தார். கொழும்பில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வெட்டு வேலையைப் பொறுப்பெடுத்தவர் அவர்தான். காதில் ஒரு பேனை செருகியிருந்தது.

"அண்ணை இருக்கேக்கை நான் பகிடி பண்ணினனான்," என்றார். "உலகத்திலை இருக்கிற காணியை அளந்து முடியேல்லை, இவர் சந்திரனிலை காணி உறுதி எழுதிறார் எண்டு. இப்ப எடுத்துப் பார்த்தா, சும்மா சொல்லக்கூடாது, பெரிய வேலை. கம்பசிலை பௌதிகப் பேராசிரியருக்கு ஒரு பிரதி குடுக்கவேணும். கனடாவிலை மகனுக்கு ரெண்டு. கொழும்பிலை அவற்ரை பழைய கந்தோருக்கு ஐஞ்சு, கிளாலியாலை வள்ளத்திலை போற ஆரிட்டையும் குடுத்துவிடலாம்." பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

"பிள்ளைக்கு வெக்கம்," என்றார் அவர்.

கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஐந்து வரிகள் வந்த விதத்தை எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு கோப்பாயில் விழுந்த குண்டொன்றின் சத்தத்தோடு மாமாவின் செவி போனது. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கேட்கும். வானொலி கேட்காது. மின்சாரமும் இல்லை, பற்றரியும் வராது. ஆங்கிலச் சஞ்சிகைகள் வருவது நின்றுபோனது. கொப்பி இரண்டு வருடம் அப்படியே கிடந்தது.

92இல் நான் பட்டம் பெற்று வந்தேன். ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம். ரியூட்டரி ஒன்றில் பௌதிகம் படிப்பித்தேன். ஒருநாள் மாமா தன் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்துக் காட்டினார். மாறுமின்னோட்டத்தை நேராக்க நான்கு டயோட்டுகள் வேண்டும் என்று நான் சொன்னேன். பழைய வானொலி ஒன்றைக் கழற்றி எடுத்து நானே பொருத்திக் கொடுத்தேன். வானொலி பேசியது. மாமா பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தார்.

"லண்டன் ரேடியோவிலை கிழமைக்கு ஒருக்கா விஞ்ஞானம் சொல்லுறவன் பிள்ளை," என்றார். "ஞாயிறு பின்னேரம். இங்கிலிசிலை. நீர் கேட்டு எனக்குச் சொல்லுவீரோ?"

"ஓம் மாமா," என்றேன்.

அந்த 'ஓம்' யோசிக்காமல் வந்தது. விஞ்ஞானப் பட்டதாரியிடம் கேட்டால் வேறென்ன சொல்வது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நிலத்தில் இருந்து ஒரு கையால் பெடலைச் சுற்றுவேன். காதை வானொலிப் பெட்டியோடு வைத்திருப்பேன். மாமா எதிரில் கதிரையில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். தாளை வீணாக்க முடியாத காலம்.

முதல் மூன்று கிழமையும் 'புதிதாக ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

"ஒண்டுமில்லையோ?" என்றார் மாமா. "அரை மணித்தியாலம் என்னத்தைக் கதைச்சவன்?"

'மருந்துகளைப் பற்றி' என்று எழுதினேன். அடுத்த கிழமை 'மீன்களைப் பற்றி' என்று எழுதினேன்.

நான்காம் கிழமை, ரஷ்யாவின் கலம் ஒன்று வெள்ளிக் கிரகத்தில் இறங்கியது என்று எழுதினேன். அப்படி ஒரு கலம் இல்லை.

மாமா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ரஷ்யாக்காரனிட்டைப் பாண் வாங்கவே காசில்லை எண்டாங்கள். கலம் விட்டவனோ?"

'முந்தி அனுப்பியது' என்று எழுதினேன்.

"அப்பிடிச் சொல்லும். எந்த இடத்திலை?"

'சொல்லவில்லை.'

"ஒரு அளவையாளனுக்கு இடம் சொல்லாட்டி அது என்ன செய்தி பிள்ளை?" என்று சிரித்தார். அடுத்த முறை நான் அகலாங்கும் நெட்டாங்கும் சேர்த்தே சொன்னேன்.

ஒவ்வொரு கிழமையும் சொன்னேன் என்றில்லை. இரண்டு வருடத்தில் ஐந்து முறை. மற்றக் கிழமைகளில் மருந்து, மீன், பூமியதிர்ச்சி. அந்த ஐந்தில் ஒன்று பாதிப் பிழை. ஜப்பான் என்ற சொல்லும் சந்திரன் என்ற சொல்லும் என் காதில் விழுந்தன. 'ஜப்பான் கலம் சந்திரனில் மெதுவாக இறங்கியது' என்று எழுதினேன். ஒரு வருடம் கழித்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் அந்தச் செய்தி கிடைத்தது. அந்தக் கலத்தை வேண்டுமென்றே சந்திரனில் மோதவிட்டிருந்தார்கள். அதை வாசித்த பிறகும் நான் மாமாவிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் மற்ற நான்கையும் கேட்பார் என்ற பயம்.

இந்த வருடம் ஆடி மாதம் ஒரு வால்வெள்ளி துண்டு துண்டாக உடைந்து வியாழன் கிரகத்தில் போய் மோதியது. இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரு கிழமையாக விழுந்துகொண்டிருந்தன. தாள் தட்டுப்பாட்டால் எங்கள் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்தான் வந்தன. ஒருநாள் மாமா இரண்டு பத்திரிகைகள் வாங்கியிருந்தார். இரண்டையும் மடியில் விரித்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். நான் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, இது போன வருசமே தெரிஞ்ச விசயமாம். எந்த மாசம், எந்த நாள் விழும் எண்டு ஒரு வருசத்துக்கு முந்தியே கணக்குப் பார்த்துச் சொல்லிப்போட்டாங்களாம். உமக்கு ரேடியோவிலை சொல்லேல்லையோ?"

நான் சிலேட்டை எடுத்தேன். 'சத்தம் விட்டுவிட்டு வந்தது மாமா' என்று எழுதினேன்.

அவர் அதை வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படிப் பார்க்கவில்லை.

"ஒரு வருசம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். "விழுகிற நாளை எண்ணிக்கொண்டு."

அடுத்த நாள் காலை நான் கிணற்றடிக்குப் போகும்போது, மாமா முற்றத்தில் சாக்கு விரித்து டைனமோவைக் கழற்றி வைத்திருந்தார். அரத்தாளால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்தார். வயர்களைச் சுரண்டினார். தேங்காயெண்ணெய் விட்டார். குற்றம் கருவியில் என்று நினைத்திருந்தார்.

"இனிச் சத்தம் தெளிவா வரும் பிள்ளை," என்று வேலிக்கு மேலால் கத்தினார். செவி கேளாதவர்கள் கத்தித்தான் கதைப்பார்கள். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

ஐந்தாம் நாள் நெஞ்சு நோவென்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

கொப்பியைக் கொண்டுவந்த அன்று மத்தியானம் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அதுவரை நான் அந்தக் கொப்பியைக் கையில் எடுத்ததில்லை. மாமா தூரத்தில் வைத்துக் காட்டுவார், அவ்வளவுதான்.

கொப்பி முழுக்க நீல மை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிறு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம். முன் அட்டையின் உட்பக்கத்தில் அதற்கு விளக்கம் எழுதியிருந்தார். 'முதலாம் வாசிப்பு பென்சிலில். இரண்டாவது ஆதாரம் கிடைத்த பின்னரே மையில்.' வெளிக்களத்தில் அளக்கும்போதும் அவருக்கு அதுதான் பழக்கம் என்று மாமி பிறகு சொன்னார். ஒரு கோணத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மையால் எழுதமாட்டாராம்.

என் ஐந்து வரிகளும் பென்சிலில் இருந்தன. ஐந்து கட்டங்களும் வெறுமையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, கடைசி வரியாக, வியாழன். அது மையில் இருந்தது. இரண்டு பத்திரிகை வாங்கியது அதற்குத்தான். கடைசி நிரலில் 'மோதியது' என்று எழுதி, பக்கத்தில் 'மனிதர் அனுப்பாதது' என்று குறித்திருந்தார்.

அவர் என்னை நம்பினார் என்றுதான் இரண்டு வருடமும் நினைத்திருந்தேன். அவர் முழுக்க நம்பவும் இல்லை, நம்பாமலும் இருக்கவில்லை. இரண்டாவது ஆதாரத்துக்காகக் காத்திருந்தார். வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான். குசினிக்குள் இருந்து அம்மா ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்டார். தலையிடி என்றேன்.

இரண்டு நாட்கள் இருந்து எழுதினேன். அறுபத்தொன்பது வரியில் அறுபத்து நான்கை எழுதினேன். அந்த ஐந்தையும் விட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமில்லை, மாமாவின் பெயரும் கெடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான தீர்வு என்றே நினைத்தேன். எழுதிய தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் மானிப்பாய்க்குப் போனேன்.

லியோன் அச்சுக்கூடத்தின் வாசலில், வெளிச்சத்துக்காக எழுத்துப் பெட்டிகளை வெளியே வைத்துக்கொண்டு கோர்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல்கள் எல்லாம் கறுப்பு. தாள்களை வாங்கி விரலால் வரிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தங்கச்சி, ஐஞ்சு குறையுதே."

"இல்லை," என்றேன்.

"முத்துக்குமாரு ஐயா முந்தநாள் வந்து அறுபத்தொன்பது எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். அந்த மனிசன் கிளாக்கர் வேலையை விட்டாலும் எண்ணிறதை விடேல்லை. நான் அறுபத்துநாலு அடிச்சா, ஐஞ்சைத் திண்டுபோட்டன் எண்டு என்னைக் கோட்டுக்கு இழுப்பார்."

"கடைசிப் பக்கம்... அது அவ்வளவு தேவையில்லை."

"அதை நீர் சொல்லக்கூடாது, நான் சொல்லக்கூடாது," என்றார் லியோன். "செத்தவற்ரை கணக்கு. கொண்டுபோய்ச் சரியா எழுதிக்கொண்டு வாரும். நாளையிண்டைக்குள்ளை வேணும்."

கோப்பாய் வரும்வரை சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை. நான் மாமி வீட்டுக்குள் போகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை முத்துக்குமாரு தானே எங்கள் படலையைத் தட்டினார். லியோன் ஆள் அனுப்பிவிட்டிருந்தார்.

"வாரும் பிள்ளை. கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாரும்."

மாமி விறாந்தையில் இருந்தார். மேசையில் மாமாவின் மைப்போத்தலும் பேனையும் எடுத்து வைத்திருந்தது. போத்தலின் அடியில் மை கொஞ்சம்தான் இருந்தது.

"இப்ப விளங்குது ஏன் குறைஞ்சதெண்டு," என்றார் முத்துக்குமாரு, கொப்பியை விரித்து. "பென்சில் எழுத்து மங்கிப்போச்சு. பிள்ளை கவனிக்கேல்லை. அதுக்கென்ன. இதுக்கு மேலாலை மை போட்டாச் சரி. அந்தியேட்டியண்டைக்குப் படத்துக்கு முன்னாலை இந்தக் கொப்பியை வைக்கப் போறம். வாற சனம் எடுத்துப் பார்க்கும். பென்சிலிலை கிடந்தா என்னவோ முடிக்காமல் விட்ட மாதிரி."

"அவர் வேணுமெண்டுதான் பென்சிலிலை எழுதினவர்," என்றேன்.

"இரண்டாம் சாட்சிக்கோ?" என்றார் மாமி. "அதுக்கு இனி எங்கை போறது. நீதானே உன்ரை காதாலை கேட்டுச் சொன்னனி. நீயே மையைப் போட்டுவிடு பிள்ளை. அவருக்கு அது திருப்தியா இருக்கும்."

பேனையை என் கையில் தந்தார். முத்துக்குமாரு கதிரையை இழுத்துவிட்டார். நான் இருந்தேன். பேனையைத் தோய்த்தேன். முதல் வரி: வெள்ளி. ரஷ்யா. மாமாவின் பென்சில் எழுத்து மிகவும் நேராக இருந்தது. அதன்மேல் பேனை முனையை வைத்தால் போதும். முனையிலிருந்து ஒரு துளி தாளின் ஓரத்தில் விழுந்தது.

"ஒற்றுத்தாள் எடுக்கட்டோ?" என்றார் முத்துக்குமாரு.

"இது நடக்கேல்லை," என்றேன்.

"என்னது?"

"இந்தக் கலம். வெள்ளியிலை இறங்கேல்லை. அப்பிடி ஒண்டு இல்லை." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இந்த ஐஞ்சும் நடக்கேல்லை. நான் சொன்னதுதான். ஜப்பான் கலம் மட்டும் உண்மை. அதுவும் இறங்கேல்லை, மோதினது."

முத்துக்குமாரு காதிலிருந்த பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப என்ரை அண்ணையை வைச்சு விளையாட்டுக் காட்டினீரோ?"

"முத்துக்குமாரு," என்றார் மாமி.

"இல்லை அண்ணி, கேக்கவேண்டாமோ? செவி கேளாத மனிசன். பேராசிரியர் எடுத்து வாசிச்சா என்ன சொல்லுவர்? சேவையர் கடைசிக் காலத்திலை மூளை பிசகி எழுதினவர் எண்டு சொல்லமாட்டாரோ? நல்ல காலம், அடிக்க முந்திச் சொன்னீர்."

"நீ கொஞ்சம் பேசாமல் இரு," என்றார் மாமி. என் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய கை என் தோளில் வந்து இருந்தது. "இவள் ஏன் சொன்னவள் எண்டு உனக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்குது. ரெண்டு வருசம் அந்தக் கொப்பி சும்மா கிடக்க அந்த மனிசன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாடு இறங்கிறேல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பர். இந்தப் பிள்ளை வந்து சிலேட்டிலை எழுதிக் காட்டின அண்டைக்கு எழும்பி நிண்டவர். அண்டைக்கு ரெண்டாந்தரம் சோறு வாங்கினவர். ரேடியோவிலை ஒண்டும் சொல்லாட்டிலும் அவற்ரை மனம் நோகக்கூடாதெண்டு இவள் சொன்னவள்."

முத்துக்குமாரு என்னைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மாறியது.

"ஓ," என்றார். "அப்பிடியோ."

"வேறை எப்பிடி?"

"எனக்கு அப்பிடி யோசிக்க வரேல்லை அண்ணி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறை நினைக்காதையும் பிள்ளை. வாய் முந்திப்போச்சு. சரி, அந்த ஐஞ்சையும் எடுத்துவிடுவம். வியாழன் வரியோடை முடியட்டும். அறுபத்துநாலு. லியோனிட்டை நான் போய்ச் சொல்லுறன்."

அதோடு முடிந்திருக்கும். மாமாவின் பெயர் தப்பியது. நான் செய்ய நினைத்ததும் அதுதான். நான் பேனையைக் கீழே வைத்தேன். எழும்பினேன்.

"இரும் இரும்," என்றார் முத்துக்குமாரு. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நன்றி நவிலல் எழுதிய தாள். வைத்தியர்கள், அயலவர்கள், பந்தல் போட்டவர்கள், காணித் தோம்புபோல ஒரு நீண்ட பட்டியல். "இதிலை ஒரு வரி சேர்க்கவேணும். நான் சொல்லுறன், சரியோ எண்டு பாருங்கோ அண்ணி." எழுதிக்கொண்டே வாசித்தார். "எங்கள் குடும்பத் தலைவரின் இறுதிக் காலத்தில், ஞாயிறு தோறும் ஆங்கில விஞ்ஞான நிகழ்ச்சிகளைக் கேட்டு அவருக்கு எடுத்துரைத்து, அவர்தம் உள்ளத்தை மகிழ்வித்த, விஞ்ஞானப் பட்டதாரி செல்வி குணலட்சுமி அவர்களுக்கு..."

"நல்லாயிருக்கு," என்றார் மாமி. "பேரைப் பெரிய எழுத்திலை போடச் சொல்லு."

"வேண்டாம்," என்றேன்.

"ஏன் பிள்ளை, வெக்கப்படுறீர்," என்றார் முத்துக்குமாரு. "பேராசிரியரும் பார்க்கட்டுமே. நியமனத்துக்கும் நல்லது."

"வேண்டாம். அப்பிடிப் போடவேண்டாம்."

"உனக்கு எப்பவும் இதுதான்," என்றார் மாமி. "நல்லது செய்து போட்டு ஒளிக்கிறது."

மாமி சிரித்தார். மாமா இறந்த பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்போடு என்னை அனுப்பிவிட அவர் தயாராக இருந்தார். படலை திறந்துதான் கிடந்தது. விறாந்தை மூலையில் மாமாவின் சைக்கிள் நின்றது. அரத்தாளால் தேய்த்த டைனமோ அதில் பளிச்சென்று இருந்தது. நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"இரக்கத்திலை இல்லை மாமி," என்றேன்.

"என்ன?"

"நான் இரக்கத்திலை சொல்லேல்லை. அவங்கள் ஒவ்வொரு கிழமையும் ஏதோ சொன்னவங்கள். வியாழனைப் பற்றியும் ஒரு வருசமாச் சொல்லியிருப்பாங்கள். சத்தம் தெளிவாத்தான் வந்தது. டைனமோவிலை ஒரு பிழையும் இல்லை." மாமியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. "புத்தகத்திலை இருந்தா வாசிப்பன். ஆரும் கதைச்சா எனக்கு இங்கிலிஸ் விளங்கிறேல்லை. முதல் நாளிலை இருந்து ஒரு வசனமும் விளங்கேல்லை. பட்டதாரி எண்டு போட்டு, அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது."